டிவி பெட்டி அட்டையும் ஒரு கிரகணமும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் டப்பிங் செய்த விண்வெளித் தொடர் ஒன்று வரும். கப்பல் தலைவர் ஆள் வெள்ளைக்காரர், பேச்சு மட்டும் சுத்தமான மேடைத் தமிழ். "ஆபத்து நெருங்குகிறது, அனைவரும் ஆயத்தமாகுங்கள்" என்பார். என் கணவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். சேலையூரில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டுக் கூடத்தில் நானும் என் மாமியாரும் மட்டும் மிச்சம் இருப்போம். அத்தை பல்லாவரத்தில் பிறந்து வளர்ந்தவர். புரிகிறதோ இல்லையோ, கீரையை ஆய்ந்துகொண்டே கடைசிவரை பார்ப்பார்.

நான் பி.காம். ராக்கெட்டுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் அந்தத் தொடர் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் என் முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த நாட்களில்தான் அந்தத் தொடர் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம், கப்பல் ஓட்டும் பெண் தன் வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறாள். "நான் நலம்" என்று அவள் சிரிக்கும் முகம் தூரத்தைக் கடந்து பூமிக்கு வந்து சேரும்போது அவள் உயிரோடு இல்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

"இன்னாத்துக்குடி அழுவுற? டிவிதானே கீது," என்றார் அத்தை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கேட்டால் வெங்காயம் என்பார். அவர் கையில் இருந்தது முருங்கைக்கீரை.

வெளிச்சம் வந்துசேர நேரம் ஆகுமா என்பது அன்றைக்கு என்னைக் குடைந்தது. கணவரைக் கேட்டேன். "அதெல்லாம் உடனே வந்துடும்மா, லைட்டுதானே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை வாங்கிவந்து நானே படித்தேன். சூரியனிடமிருந்து நமக்கு வெளிச்சம் வர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறதாம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம், இது பழைய வெயில் என்று நினைத்துக்கொள்வேன். காற்று இல்லாத இடத்தில் சத்தம் கேட்காது என்று படித்த பிறகு, தொடரில் கப்பல் வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் "புளுகுறானுங்க அத்தை" என்று கத்துவேன். "சத்தம் இல்லேன்னா இன்னா ருசிடி?" என்பார் அவர்.

மறுபடி நான் முழுகாமல் இருந்தபோது, ஆடி அமாவாசை விடியற்காலையில் சூரிய கிரகணம் என்றார்கள். எனக்குப் பார்த்தே ஆகவேண்டும். நிலா வந்து சூரியனை மறைப்பதைத் தொடரில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், நிஜத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அத்தை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைத்தாய்ச்சி மேல் கிரகண வெளிச்சம் படக்கூடாது.

"அதெல்லாம் சும்மா அத்தை. வெறும் நிழல்," என்றேன்.

"போன தபா இன்னா ஆச்சுன்னு நான் கேட்டனா? ஒரு வார்த்த கேட்டனா?" என்றார். உண்மைதான். ஊரே என்னைக் கேட்டது, அவர் கேட்கவில்லை. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

கூடத்தில் கிழக்குப் பார்த்த ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. முதல்நாளே அத்தை புது டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, அந்த இடத்தில் வைத்து டேப் ஒட்டினார். மற்ற ஜன்னல்களுக்குப் போர்வை. காலையில் என்னைத் திவானில் உட்காரவைத்து, அசையாதே என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அட்டையில் ஸ்டேப்ளர் பின் பிடுங்கிய இடத்தில் ஒரு பொத்தல் இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. வெயில் ஏறியதும் அதன் வழியாக ஒரு கோடு வெளிச்சம் நேராக வந்து என் வயிற்றின் மேல் விழுந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு. வட்டமாக இல்லை, கடித்த அப்பளம் மாதிரி ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது. கிரகணமே வீட்டுக்குள் வந்துவிட்டது! அடுத்த நொடி பயமும் வந்தது. எட்டு நிமிஷம், நிழல் என்று படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன்.

"ஐயையோ!" என்று பாய்ந்து வந்தார் அத்தை. எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில், முதுகை என் பக்கம் காட்டி நின்றார். பொத்தலை அடைக்கத்தான் கை நீட்டினார். பிறகு குனிந்து தன் மார்பைப் பார்த்தார். வெளிர்மஞ்சள் புடவையில் அந்தக் கடித்த வட்டம் விழுந்திருந்தது.

"இதுவா?" என்றார்.

"இதுதான் அத்தை. சூரியன்."

"பொத்தலு கோணமாணலா கீது. வெளிச்சம் மட்டும் எப்டி இப்டி கடிச்ச வட்டமா வருது?"

அதுவரை எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. அவர் நீட்டிய கையை இறக்கினார்.

"நீ எம்பின்னால ஒளிஞ்சிக்கினு தலைய மட்டும் நீட்டிப் பாரு. எம்மேல வுழுந்தா வுழட்டும். எனக்கு இனிமே இன்னா ஆவப்போவுது?"

நான் எழுந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். என் வயிறு அவர் முதுகில் இடித்தது. கால் வலிக்கிறது என்று முனகினாரே தவிர, வட்டம் முழுசாகும்வரை அவர் நகரவில்லை.