கருங்கல் மேல் ஏறிய பிக்கப்

“வண்டி ஏன் குதிக்குதுன்னு உன் புக்குல போட்டுகீதா?” என்று அண்ணன் கேட்டான்.

போட்டிருக்கவில்லை. அதுதான் என்னை உட்காரவிடவில்லை.

நான் அப்போது செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. அண்ணன் எங்கள் ஊரான மாமல்லபுரத்தில் ஒரு பழைய பிக்கப்பை வாங்கி, பெரிய எஞ்சின் ஏற்றி, தரையை ஒட்டும் அளவுக்குத் தாழ்த்தி வைத்திருந்தான். நின்ற இடத்திலிருந்து அழுத்தி மிதித்தால் பின்சக்கரங்கள் தடதடவென்று குதிக்கும். குதித்துக் குதித்தே பின்னச்சுக்குப் போகும் ஷாஃப்டின் மூட்டு இரண்டு முறை உடைந்துவிட்டது.

“இன்னொரு தபா ஒடஞ்சா வித்துடுவேன்” என்றான்.

“குதிக்காம பண்ணிட்டா?”

“பண்ணு. சாவி உனக்கும்தான்.”

எனக்கு அந்த வண்டியை ஓட்ட வேண்டும். லைசென்ஸ் வாங்கி, சும்மா பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, பின்னச்சின் மேல் சாக்பீஸால் செங்குத்தாக ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் படுத்துக்கொண்டு, அண்ணனைக் கிளட்சை மெல்ல விடச் சொன்னேன். கோடு பின்பக்கம் சாய்ந்தது. அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை முறுக்கிக்கொண்டு, பிறகு உதறித் திரும்பியது. குதிக்கவைப்பது சக்கரம் அல்ல, முறுகிய பட்டை. அச்சு திரும்பாமல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும்.

சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் பளபளவென்று ஒரு ஜோடிக் கம்பி பார்த்துவிட்டு வந்தான் அண்ணன். பட்டைக்கு அடியில் தொங்கும் வகை.

“ஸ்பீடு பிரேக்கர்ல மாட்டிக்கும்” என்றேன்.

“பாக்க கெத்தா கீது!”

“மாட்டிக்கினு நின்னா கெத்தா இருக்காது.”

கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. அச்சின் மேல்பக்கத்திலிருந்து சேஸிஸுக்கு முன்னோக்கிப் போகும் தடித்த குழாய்கள், பட்டையின் முன்பாதி அளவு நீளம், இரு முனையிலும் போல்ட் நுழையும் ரப்பர் புஷ். நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு முனையில் மரை. அண்ணனின் சிநேகிதர் ஒருவர் வெல்டிங் வைத்தார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்க, வழக்கம்போல எல்லா போல்ட்டையும் இறுக்கினார்கள். கீழே இறக்கியதும் பின்பக்கம் பாதியில் நின்றது. புஷ் கீச்சென்றது.

“மச்சான், வண்டிக்கு மூலம் வந்துட்ச்சி. குந்த மாட்டேங்குது!” என்றார் சிநேகிதர்.

அண்ணன் சிரிக்கவில்லை. “கழட்டு. நாளைக்கே வண்டி வாங்கற ஆள் பாக்கறேன்.”

“வண்டி தன் எடையோட சக்கரத்துல நிக்கணும். அப்பதான் இறுக்கணும். தொங்கறப்ப இறுக்குனா ரப்பர் அப்டியே புடிச்சிக்கும்” என்றேன்.

“தரையில நின்னா அடியில எலி கூட பூராது. நீ எப்டி பூருவ?”

வெளியே போனேன். பக்கத்துச் சிற்பக் கூடத்துச் சுவரோரம் விரிசல் விட்டதால் ஒதுக்கிய கருங்கல் பாளங்கள் கிடந்தன. சிற்பிகளிடம் கேட்டேன். “எத்துகினு போ, பாப்பா” என்றார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி, அடியில் ஒரு பாளத்தைத் தள்ளினோம். வண்டி தன் முழு எடையோடு கல்லின் மேல் அமர்ந்தது. அடியில் எனக்குப் போதுமான இடம்.

நுழைந்து குழாய்களின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மரை முனையில் இருந்ததை உருவினேன். போல்ட் விரல் தள்ளிய தள்ளலிலேயே உள்ளே போகும்வரை மரையைத் திருப்பினேன். பிறகு இறுக்கினேன்.

சவுக்குத் தோப்பு ஓரத்துக் காலிச் சாலையில் அண்ணன் முதலில் மிதித்தான். வண்டி குதிக்கவில்லை; அமுங்கிப் பாய்ந்தது. திரும்பி வந்து இறங்கி, சாவியை நீட்டினான்.

நானும் மிதித்தேன். நேராகப் போனது. ஆனால் பிரேக் பிடித்தபோது, நான் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நின்றது.

“இப்ப இன்னா மூஞ்சி?” என்றான்.

“நிக்கறது பத்தல.”

“ஓடுதேன்னு சந்தோசப்படு. வூட்டுக்குப் போ, நாஸ்தா வாங்கினு வரேன்.”

இட்லிப் பொட்டலத்தோடு அவன் வந்தபோது வண்டியின் முன்பக்கம் ஜாக்கியில் ஏறியிருந்தது. இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தேன்.