அப்பாவுக்குப் படித்துக் காட்டவும்

என் மேசை இழுப்பறையில் ஒரு சீட்டு இருக்கிறது. மேலே நான் கேட்ட கேள்வி, நடுவில் அதற்குப் பதில், கடைசியில் சாய்வான கையெழுத்தில் ஒரு வரி: ‘அப்பாவுக்குப் படித்துக் காட்டவும்.’ அந்தச் சீட்டை வாங்கும்போது என் அப்பா செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

புதுச்சேரியில் ஒரு நூலகம். அங்கே வாசகர்கள் கேட்கும் தகவலைத் தேடித் தருகிற மேடத்தின் வேலைக்கு மதிப்பெண் போட நூலகத் துறையிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். வாசகனைப் போலப் போய், பதில் ஏற்கெனவே நம் கையில் இருக்கும் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். யாரென்று சொல்லக் கூடாது. நெல்லித்தோப்பில் ஒரு தெருவுக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி. அதோடு விட்டிருக்கலாம். என் கெட்டிக்காரத்தனம் சும்மா இருக்குமா? “அப்பா படுத்த படுக்கையா கெடக்குறாரு மேடம். பொறந்த தெரு பேரு ஞாபகம் வரலன்னு அழுவுறாரு” என்று சேர்த்துவிட்டேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துத் தர்றேன் தம்பி” என்று சொல்லி, என் சீட்டை மற்றொரு சீட்டின் மேல் வைத்தார்.

அடியில் போன சீட்டு, எனக்கு முன்னால் வந்த கனகசெட்டிக்குளத்து அம்மாவுடையது. மீன் விற்பவர். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. “ஆபீசுல செத்துட்டாருன்னு எழுதித் தரணும்னா, காணாம போன சேதி வந்த பேப்பரக் கொண்டாங்குறாங்கம்மா. வெள்ளிக்கிழமதான் கடைசி.” தேதி அவருக்குத் தெரியாது. ஆடி மாசம் என்று மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். மேடம் பழைய பிரெஞ்சு அரசிதழ்களைப் புரட்டித் தும்மிக்கொண்டிருந்தார். செய்தித்தாள் கட்டு பிரிக்காமலே ஓரமாகக் கிடந்தது. “அந்தம்மாவோடத அடுத்துப் பாக்கணும். உங்கப்பாவுக்கு நேரம் இல்லியே” என்றார். என் கேள்வி பொய் என்று சொல்லக்கூட வேண்டாம். அவசரமில்லை என்றிருந்தால் போதும். சொல்லவில்லை. சொன்ன நாளில் பதில் வந்ததா என்று என் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப வேண்டுமே! ச்சே, நானெல்லாம் ஒரு மனுஷன்.

வெள்ளிக்கிழமை சீட்டைக் கையில் கொடுத்தார். நான் எழுந்திருப்பதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார்.

“பாதிதாம்மா பாத்திருக்கேன். திங்கக்கிழம வர்றீங்களா?”

“திங்கக்கிழம வந்து இன்னாத்துக்கும்மா?”

சண்டை போடவில்லை. காலி அன்னக்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மேடம் செய்தித்தாள்களைத் திரும்பக் கட்டாகக் கட்டத் தொடங்கினார். நான் வெளியே வந்து பணிவு, துல்லியம், வேகம் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். அந்த அம்மாவைப் பற்றி எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

போன மாதம் லாஸ்பேட்டையில் ஒரு ஸ்கூட்டர் என் பக்கத்தில் வந்து நின்றது. மேடம். ஓய்வு பெற்றுவிட்டாராம்.

“தம்பி, அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனீங்களா? அந்தம்மா மொகத்த நெனச்சா இன்னும் மனசு ஆறல. உங்கப்பாவுக்காவது ஒதவுச்சேன்னு இருக்கேன்.”

“ரொம்ப சந்தோஷப்பட்டாரு மேடம்” என்றேன்.

இழுப்பறையைத் திறந்தால் அந்த வரிதான் முதலில் கண்ணில் படுகிறது. கிழித்துப் போடலாம் என்றால் கை வரமாட்டேன் என்கிறது.