இரண்டாவது மொட்டை

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருப்பதியில் ஒரு நீட் தேர்வு மையத்தின் கேட்டுக்கு வெளியே நடந்தது இது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுதுகொண்டு நின்றேன்.

முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் நகரிக்காரி, ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் பேசுவது தமிழ், பத்தாவது வரை படித்ததும் தமிழ் மீடியம். டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் சித்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்டரில் பைபிசி சேர்ந்தேன். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னால், ப்ளஸ் டூவில் உயிரியல் பிரிவு. அங்கே புத்தகம் இங்கிலீஷ், சார் விளக்குவது தெலுங்கு, என் மண்டையில் ஏறுவது தமிழ். ஃபிசிக்ஸ் சார் ஒரு விதியை இங்கிலீஷில் எழுதிப் போட்டு, தெலுங்கில் விளக்கி, அது எனக்குத் தமிழில் புரிந்து நான் தலையாட்டும்போது, அவர் அடுத்த விதியில் பாதி தாண்டியிருப்பார். இரண்டு வருடமும் அந்தப் பாதி விதி தூரம் பின்னாலேயே ஓடினேன்.

ரிசல்ட் வந்தது. ஃபிசிக்ஸில் தொங்கிக்கொண்டு பாஸ். கெமிஸ்ட்ரி அதற்குக் கூடப்பிறந்த தங்கச்சி. நீட்டில் எவ்வளவு வாங்கினாலும், இன்டரில் இந்தப் பாடங்களில் இத்தனை சதவீதம் இல்லையென்றால் மெடிக்கல் சீட் கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த வருட நீட் மார்க்கைப் பற்றி இங்கே சொல்லாமல் விடுவதே மரியாதை.

வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மாமா வெளிநாட்டு மெடிக்கல் சீட் வாங்கித் தரும் ஏஜென்ட் ஒருவரைக் கூட்டி வந்துவிட்டார். அவர் காட்டிய படங்களில் எல்லோரும் பனியில் கம்பளிக் கோட்டோடு சிரித்தார்கள். அங்கே அந்த ஊர் பாஷையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றதும் நான் படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று மொழிகளில் புரியாத ஃபிசிக்ஸ் நான்காவதில் புரியுமா? பக்கத்து வீட்டு அக்கா நர்சிங் என்றார். இன்னொருவர் பிஎஸ்சி என்றார். எல்லாம் நல்ல வழிகள்தான், ஆனால் என் மனசு ஒப்பவில்லை. திருப்பதியில் ஒரு வருடம் லாங்டெர்ம் கோச்சிங், கூடவே மார்ச்சில் பெட்டர்மென்ட் பரீட்சை, அதாவது பாஸான பாடங்களையே மார்க்கைக் கூட்டுவதற்காக மறுபடி எழுதுவது. இதுதான் நான் கேட்டது.

நைனா, அதாவது என் அப்பா, பவர்லூமில் வேலை செய்பவர். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகி, வீட்டில் ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும்.

"ஒரு வருசம் குடுக்கறேன் பாப்பா. ஒன்னே ஒன்னு. வரலன்னா புத்தூர்ல டிகிரி சேர்ந்துகினு கம்முனு படிக்கணும். அப்பால மூஞ்சத் தூக்கி வெச்சிகினு ஒக்காரக் கூடாது" என்றார். சரி என்றேன். தெருவே சாட்சி.

கோச்சிங்கில் சேரும் நாளன்று காலையில் மலைக்குப் போனோம். சீட் கிடைத்தால் என் முடியைக் கொடுப்பதாக அம்மா வேண்டியிருந்தார். நான் இப்போதே கொடுத்துவிடுகிறேன் என்றேன். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், இடுப்பு வரை முடியை வைத்துக்கொண்டு தண்ணீர் நின்று நின்று வரும் ஹாஸ்டலில் எண்ணெய் தேய்ப்பதும் சிக்கெடுப்பதும் யார் வேலை?

"வேல முடிஞ்சாதான கூலி? சாமிக்கு யாராச்சும் அட்வான்ஸ் குடுப்பாங்களாடி?" என்று அம்மா அங்கேயே சண்டைக்கு வந்தார். நான் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மலையிலிருந்து இறங்கிய கையோடு ஸ்டூடியோவில் அட்மிஷனுக்குப் போட்டோ எடுத்தோம். தலையில் சந்தனம், இரண்டு பக்கமும் என் காதுகள். தப்பு நடந்தது அங்கேதான், அப்போது யாருக்கும் தெரியவில்லை. சில மாதம் கழித்து நீட் விண்ணப்பம் போடும்போது, ஹாஸ்டலை விட்டு வெளியே போக அனுமதி கேட்கச் சோம்பல்பட்டு, மிச்சமிருந்த அதே மொட்டைப் போட்டோவைக் கொடுத்துவிட்டேன்.

அந்த வருடம் உருப்படியாகப் படித்தேன். மறுநாள் நடத்தப்போகும் பாடத்தை முந்தின நாளே நானாகத் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுப் போனேன். சார் தெலுங்கில் ஆரம்பிக்கும்போது நான் ஏற்கனவே அங்கே நின்றிருப்பேன். மார்ச்சில் எழுதிய பெட்டர்மென்ட்டில் மார்க் கூடியது. மிச்சம் நீட் ஒன்றுதான்.

தேர்வு நாள். வரிசையில் என் முறை வந்தது. கேட்டில் நின்ற மேடம் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குக் காது மூடும் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. "எவரம்மா ஈ அப்பாயி?" என்றார். இந்தப் பையன் யாரம்மா என்று கேட்கிறார். நான்தான் மேடம் என்று ஆதாரை நீட்டினேன். அதில் ரெட்டை ஜடையோடு ஆறாம் வகுப்பு நான். மேடம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூன்றும் மூன்று ஆள் மாதிரி இருந்ததில் அவர் தப்பு ஒன்றுமில்லை. விரல் ரேகை பார்க்கும் மெஷின் உள்ளே இருந்தது, ஆனால் உள்ளே விட்டால்தானே விரல் வைக்க? பெரிய அதிகாரி வந்து பார்க்கட்டும், ஓரமாக நில் என்றார்.

நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள். அதிகாரி வரவில்லை. கேட் மூடப்போகிறோம், சீக்கிரம் வாருங்கள் என்று மைக்கில் சொல்ல ஆரம்பித்தார்கள். நைனா வெயிலில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போதும் கத்திப் பேசுகிறவர் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. அவர் கொடுத்த ஒரே வருடம் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சலூன் ஒன்று கண்ணில் பட்டது.

"நைனா, வா. இன்னொரு மொட்டை" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

சலூனில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இருந்த ஒரே நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, இன்னொரு கன்னம் முழுக்க நுரை. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "லேடீஸ்க்கு இங்க செய்றதில்லம்மா, மலைக்குப் போங்க" என்றார். நைனாவுக்குக் குரல் திரும்பி வந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து, பரீட்சை, போட்டோ, கேட் என்று கத்தினார். அந்த நுரைக் கன்னத்துக்காரருக்கு எவ்வளவு புரிந்ததோ, சட்டென்று எழுந்துவிட்டார்.

"மொதல்ல பாப்பாக்கு செய்ப்பா. என் தாடி எங்க ஓடிடப் போவுது" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் தட்டித் துடைத்துக் கொடுத்தார். காத்திருந்த யாரும் ஒரு வார்த்தை முனகவில்லை.

கடைக்காரரின் கை பறந்தது. இரண்டு இடத்தில் லேசாக ரத்தம். முடிந்ததும் ஓடினேன். ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவுமாக இடைவெளியே இல்லை. எனக்கு முன்னால் ஒருவர் நடு ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். பார்த்தால் அவர்தான், கழுத்தில் சலூன் துணி, ஒரு கன்னத்தில் நுரை. அந்தக் கோலத்தைப் பார்த்த எந்த டிரைவர் நிறுத்தாமல் போவார்?

மேடம் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே கை காட்டினார். சோதனை செய்த பெண் போலீஸ் என் மொட்டையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி அனுப்பினார். திரும்பிப் பார்த்தேன். நுரைக் கன்னத்துக்காரர் எதிர்ப்பக்கம் நின்று கையை உயர்த்தினார். பக்கத்தில் நைனா, "பதட்டப்படாத எழுது பாப்பா" என்று கத்தியது தேர்வு எழுத வந்த எல்லோருக்கும் பொதுவாகப் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்குப் பின்னால் கேட் மூடியது. உள்ளே ஃபேனுக்கு அடியில் இடம். அந்த மே மாத வெயிலில் அத்தனை பேரில் என் தலை ஒன்றுதான் ஜில்லென்று இருந்தது. ஃபிசிக்ஸ் கேள்விகளை முதல் தடவையாகப் பயமில்லாமல் படித்தேன்.

எழுதிவிட்டு வந்ததும் இருவரும் நன்றி சொல்ல சலூனுக்குப் போனோம். நுரைக் கன்னத்துக்காரர் போயிருந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவர்னு இல்ல நெனச்சேன்" என்றார் கடைக்காரர்.

சீட் கிடைத்தது, அரசு மெடிக்கல் காலேஜில். சலூனில் விழுந்த முடி சாமி கணக்கில் சேராது என்று அம்மா இன்றுவரை வாதாடுகிறார். கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்த அதிகாரியே வந்து உள்ளே விட்டிருப்பார் என்றும் சொல்லிக் கேலி செய்கிறார். இருக்கலாம்.

இப்போது வார்டுக்கும், வெளிநோயாளிகள் வரும் ஓபிக்கும் போய் வருகிறேன். அன்றைக்கு எழுந்து இடம் கொடுத்தவர் முகத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு பக்கம்தான், மறு பக்கம் நுரை. முழுக்கச் சவரம் செய்த முகத்தோடு எதிரே வந்து நின்றால் எனக்கு அடையாளம் தெரியாது. அதனால் ஓபி வரிசையில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் யாரைப் பார்த்தாலும், இவராகவும் இருக்கலாம் என்று நினைத்து நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறேன்.