இட்லி தின்ற கப்பி மீன்கள்

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு பத்து. காற்று அசையவில்லை, சிறுமலைப் பக்கம் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. பின்வாசல் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன். கப்பி மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு வந்தபோது ஒரு கூட்டம் இடம் மாறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று தை மாதம் நான் விட்டவை ஆறே ஆறு. ஒரு வாரத்தில் புழு தீர்ந்தது. பட்டினி கிடக்குமே என்று தினமும் அரை இட்லியை உதிர்த்துப் போட்டேன். குட்டி போட்டன. குட்டிகளுக்கும் பசிக்குமே? கடைசியில் மூன்று இட்லியில் வந்து நின்றது.

"உங்களுக்கு ரெண்டு, மீனுக்கு மூணு. நல்லாருக்கு நாயம்" என்றாள் மனைவி. "தண்ணி நாறுது. இதுல எப்படிப் பாத்திரம் கழுவ?"

குழாயில் தண்ணீர் வர இன்னும் ஐந்து நாள். வீட்டில் நான்கு பேர். மீன் செத்து மிதந்தால் இருக்கிற தண்ணீரும் போச்சு. வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்; காற்று கலந்தால் மூச்சு வருமாம். மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் தலை தெரிந்தது.

"என்ன மாமா, மீனுக்கு அபிஷேகமா?"

"ரெண்டு டஜன் தாரேன், கொண்டு போங்க மாப்ளே."

"போன மாசம் தந்ததே எங்க தொட்டியில எடமில்லாம கெடக்கு. திருப்பித் தரட்டுமா?"

அகரத்தில் தோட்டம் வைத்திருக்கும் மைத்துனனுக்குப் போன் செய்தேன். "கொண்டு வாங்க மச்சான், கெணறு பெருசு" என்றான். தொட்டியில் பத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைக் கொசுவலையால் அரித்து இரண்டு குடத்தில் ஆட்டோவில் கொண்டுபோனேன். கிணற்றில் கவிழ்த்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"உள்ள விரால் கெடக்கு மச்சான். இதுக ரெண்டு நாள் தாங்குமான்னு தெரியல."

"ஏலே, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா திருப்பிக் கொண்டு போயிருவீக. அக்கா என்னையக் கொன்னுரும்."

தொட்டித் தண்ணீர் ஐந்து நாளும் தாங்கியது. இட்லிக்கு மனைவி தடை போட்டாள். ஆடியில் மைத்துனன் ஒன்றே கால் கிலோ விரால் ஒன்றைக் கொண்டுவந்து, காசும் கேட்டான்.

"அது என் வீட்டு இட்லியில வளந்ததுடா!"

"தீனி ஒங்களுது, கெணறு என்னுது மச்சான்."

மாவுக் கணக்கை விட்டுவிடுகிறேன். ஆட்டோவுக்கு நானூற்றைம்பது, விராலுக்கு அறுநூறு. ஆக மொத்தம் ஆயிரத்து ஐம்பது ரூபாய்.