உப்பில்லாத மரச்சீனிக்கிழங்கு

எங்கள் நாகர்கோவில் பக்கம் வீட்டுக்கு ஆள் வந்தால் மீன் குழம்போடு வைக்கிற மரச்சீனிக்கிழங்கை, இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்றால் என்னவென்று காட்டுவதற்காக அவிக்கிறார்கள். மார்சிலிங்கில் ஒரு தொடக்கப்பள்ளி கேண்டீனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை எடுத்திருக்கிறேன். இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த நாளைப் பிப்ரவரியில் முழுமைத் தற்காப்பு தினம் என்று அனுசரிக்கிறார்கள். எங்கள் பள்ளியில் அன்று இடைவேளைக்குச் சோறும் கிடையாது, மீ என்கிற நூடுல்ஸும் கிடையாது. போர்க்காலத்தில் சனங்கள் தின்ற மரவள்ளிக்கிழங்கு மட்டும்தான். நம்மூர் மரச்சீனிக்கு இங்கே அதுதான் பெயர்.

போன வருடம்தான் எனக்கு முதல் தடவை. ஏற்பாட்டைக் கவனிக்கும் ஆசிரியை மிஸ் லீ கடைக்கு வந்து, "ஆன்ட்டி, டாபியோக்கா யூ நோ ஹவ் டு குக்?" என்று கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்கிறார்! "டோன்ட் வொரி, ஐ மேக் வெரி நைஸ்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

லிட்டில் இந்தியா போய், நார் இல்லாத கிழங்காகப் பார்த்து மூட்டையாக வாங்கினேன். முதல் கொதியின் தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுதண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துக் கிளறி, கடுகு தாளித்து இறக்கினேன். வாசனைக்கே பிள்ளைகள் வரிசையில் முண்டியடித்தார்கள். ஒரு சீனப் பையன் மூன்றாவது தடவை தட்டை நீட்டி, "ஆன்ட்டி, வார் ஃபுட் சோ ஷியோக்!" என்றான். ஷியோக் என்றால் இங்கே அபார ருசி. மிஸ் லீ தலையில் கைவைத்துக்கொண்டு, "டூ நைஸ் லா, ஆன்ட்டி" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

கேண்டீனில் மேசை துடைக்கிறவர் மாரியாயி அக்கா. எழுபது தாண்டியவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தினமும் வேலை முடிந்ததும் என் கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். அன்று கடைப்பக்கமே திரும்பவில்லை.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ இத ருசியா ஆக்கிட்ட லா."

"புள்ளைங்க நல்லாத்தானே சாப்பிட்டாங்க?"

"எங்கண்ணன் இதத் தின்னுதான் செத்தான்."

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் மீதியைச் சொன்னார். அவருடைய அப்பா ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மூன்று மாத வேலை என்று சொல்லி ஜப்பானியர் லாரியில் ஏற்றி, சயாமுக்கு, அதாவது இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தோட்டத்தில் அம்மா இரண்டு பிள்ளைகளோடு தனியாக நின்றார். அரிசி இல்லை, கிழங்குதான். ஒருநாள் நாலு வயதுப் பையன் பசி தாங்காமல், பாதி வெந்த கசப்புக் கிழங்கை அடுப்பிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். போர் முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய அப்பாவுக்கு அந்தச் சேதிதான் காத்திருந்தது. மாரியாயி அக்கா அதற்கும் சில வருடம் கழித்து, குடும்பம் சிங்கப்பூருக்கு வந்த பிறகு பிறந்தவர். அந்த வீட்டில் பிறகு கிழங்கே அவியவில்லை. அப்பா சாகும்வரை ஜப்பான் சாமான் ஒன்றும் வாசல் தாண்டவில்லை. அக்காவின் பேரன் இப்போது வாரம் இரண்டு நாள் சுஷி தின்கிறான். "அவன் தின்னட்டும். அவங்களும் இப்ப வேற மனுசங்கதானே" என்றார் அக்கா.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் படித்த பாடத்தில் ஜப்பான் நம் விடுதலைக்குத் துணை நின்ற நாடு, அவ்வளவுதான். அந்த ரயில் பாதையில் வேலை செய்து செத்த வெள்ளைக்காரக் கைதிகள் பலருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. தோட்டத்திலிருந்து போன நம் ஆட்களில் பெரும்பாலோர் எங்கே புதைந்தார்கள் என்றே தெரியாது என்பது இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது. முதல் தண்ணீரை ஏன் வடிக்கவேண்டும் என்று அம்மாவிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. கிழங்கின் விஷம் அந்தத் தண்ணீரோடுதான் போகுமாம். எங்களுக்கு அது கைப்பழக்கம். அந்தப் பிள்ளைக்கு அது உயிர்.

இந்த வருடம் ஜனவரியிலேயே பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள், போன வருடம் மாதிரியே வேண்டுமாம். மிஸ் லீகூடக் கொஞ்சம் சீனியாவது தொட்டுக்கொள்ளத் தரலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். வெறும் கிழங்கு, ஆளுக்கு ஒரு துண்டு, உப்புகூடக் கிடையாது. சமைத்துப் பேர் வாங்கியே பிழைக்கிறவளுக்கு அப்படி ஒரு பானையை இறக்கிவைக்கக் கை கூசத்தான் செய்தது. ஆனாலும் வைத்தேன். முந்தின நாள் அக்காவிடம் அண்ணன் பெயரைக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். பிள்ளைகளிடம் சொல்லவேண்டும் என்றேன். துணியை எடுத்துக்கொண்டு அடுத்த மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.

அன்று இடைவேளையில் ஒரு மலாய்ச் சிறுமி ஒரு கடி கடித்துவிட்டு, "ஆன்ட்டி, யூ ஃபர்கெட் சால்ட் ஆ?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பின்னால் குரல் கேட்டது.

"நோ ஃபர்கெட்." கையில் துடைக்கிற துணியோடு மாரியாயி அக்கா நின்றிருந்தார். "மை பிரதர். நேம் முருகையா. ஃபோர் இயர்ஸ் ஓல்ட். வெரி ஹங்கிரி. திஸ் ஒன் ஹி ஈட், நாட் குக் நைஸ்லி, ஹி டை."

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு பையன்கள் துண்டை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டார்கள். ஆனால் அந்தச் சிறுமி, "முருகையா" என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தின்று முடித்தாள். அந்தப் பெயரை அவள் வீட்டுக்குக் கொண்டுபோவாள். வருடாவருடம் இப்படித்தான் அவிக்கப்போகிறேன், யார் என்ன சொன்னாலும் சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நெத்திலிக் குழம்பு வைத்து, அவருக்காகச் சோறு வடித்தேன். எனக்கு ஆசை விடவில்லை. கொஞ்சம் கிழங்கும் தேங்காய் சேர்த்து மசித்து மயக்கி அடுப்படியிலேயே மூடி வைத்திருந்தேன். அக்கா மூக்கால் கண்டுபிடித்துவிட்டார்.

"எடுத்துட்டு வா லா. நீ தின்னு. எனக்கு வேணாம், அவ்ளோதான்."

கொண்டுவந்து வைத்தேன். நடுவில் குழம்புச் சட்டி, அக்கா பக்கம் சோறு, என் பக்கம் கிழங்கு. நான் என் தட்டில் பாதி சோறும் பாதி கிழங்குமாக எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்துக் குழம்பை ஊற்றினேன்.