பொம்மைக்குப் போட்ட சட்டை

வேலைக்கென்று திருப்பூர் போன என் கணவர் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. போனும் சுவிட்ச் ஆஃப். வாழவந்தியில் எங்கள் ராகிக் கொல்லைக்குள் காட்டுப்பன்றிகள் இறங்கத் தொடங்கியபோது, வீட்டில் வீணாய்க் கிடந்ததை வைத்தே ஒரு பொம்மை கட்டிக் கொல்லை நடுவில் நிறுத்தினேன். தலைக்கு உடைந்த குடம், வயிற்றுக்குக் கிழிந்த தலையணை, மேலே அவர் விட்டுப்போன நீலக் கட்டம்போட்ட சட்டை. பொத்தான்களை நானே போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஊரே பனிமூட்டத்தில் இருந்தது. அம்மா வீட்டுக்குப் போயிருந்த பக்கத்து வீட்டுப் பெண், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்கக்கா, அண்ணன் வந்துட்டாருங்களா? உங்க ராகிக் காட்டுல தனியா நிக்கறாருங்க. நொம்பப் பனியா இருக்குது, ஊட்டுக்குள்ள கூப்புடுங்க."

அது பொம்மை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லாமல், செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கட்டியவளே நான்தான். ஆனாலும் ஓடினேன்.

பனிக்குள் முதலில் அவர் தோள் தெரிந்தது. கிட்டே போன பிறகுதான் குடம் தெரிந்தது.

பொம்மைக்கு வேறு சட்டை மாட்டிவிடச் சொல்கிறார்கள் ஊரில். நான் மாற்றவில்லை. விஷயம் தெரியாத யாராவது இன்னொரு தடவை வந்து, அவர் வந்துவிட்டாரா என்று என்னைக் கேட்கட்டும்.