துரை கொடுக்காத பதக்கம்

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவுக்கு வெளியே பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அதன் முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் என் அப்பாவின் பதக்கம் கிடந்தது. பக்கத்தில் ஆங்கிலத்திலும் மலாயிலும் ஓர் அட்டை: விசுவாசமான ஜாகாவுக்குத் தோட்டத் துரை அன்புடன் அளித்தது. ஜாகா என்றால் காவல்காரர். அட்டையிலிருந்த அந்த ‘அன்புடன்’ஐப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எந்தத் துரையும் அதைக் கொடுக்கவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், காட்டுக்குள்ளிருந்து எப்போது குண்டு வருமோ என்று தோட்டமே நடுங்கிக் கிடந்தபோது, அப்பா சிறப்புக் காவலராகத் துப்பாக்கி தூக்கினார். பனி விலகாத காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கு முன்னால் அவர்தான் நடந்தார். கூட நடந்த கூட்டாளி ஒருவர் தேயிலைச் சரிவிலேயே சுடப்பட்டு விழுந்தார். அந்தச் சேவைக்காக அரசாங்கம் கொடுத்த பதக்கம் அது. விளிம்பில் அப்பாவின் எண்ணும் பெயரும் வெட்டியிருக்கும். சீருடையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் தொழிற்சாலை வாசலைக் காக்கும் ஜாகா வேலை கிடைத்தது. அதோடு சாகும்வரை அவர் ஜாகாதான். எங்கள் தோட்டத்தில் செய்கிற வேலைதான் ஆளுக்குப் பெயர். அப்பாவின் சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

பதக்கத்தை ஹோட்டலுக்குக் கொடுத்தவன் என் தம்பி. உங்கள் அப்பா யார் என்று கேட்டிருக்கிறார்கள். “எங்கப்பா இங்க ஜாகாவா இருந்தாரு” என்று சொல்லியிருக்கிறான். வேறெதுவும் வாயில் வரவில்லையாம். வீட்டில் பிஸ்கட் டின்னில் கிடந்தது, அங்கே விளக்குப் போட்டல்லவா வைத்திருக்கிறார்கள் என்று என்னிடமே நியாயம் பேசினான். கொஞ்ச நாள் அவன் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நேரே போய் மேனேஜரைப் பார்த்தேன். நம்ம தமிழர்தான். அப்பா பெயரைப் போடுங்கள், அவர் என்ன செய்தார் என்று போடுங்கள் என்றேன். பெட்டியைத் திறக்கச் சொல்லி விளிம்பையும் காட்டினேன். படித்தார், மறுக்கவில்லை. ஆனால் விருந்தினர்களுக்கு ஜாகா கதைதான் பிடித்திருக்கிறதாம், நின்று படமெடுக்கிறார்களாம். விடுமுறைக்கு வருகிறவர்களிடம் சாவு, துப்பாக்கி என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். பிறகு ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் போலப் பதக்கத்தை என் கையில் வைத்தார்.

“நீங்க எடுத்துட்டுப் போங்கக்கா. அட்டை இருக்கட்டும். இதே மாதிரி மெடல் ஆன்லைன்ல கிடைக்குது லா, ஒண்ணு வாங்கி வச்சிக்கிறோம்.”

பதக்கத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வாரம் தம்பி அந்தப் பக்கம் போயிருக்கிறான். அட்டையில் ஓர் எழுத்துகூட மாறவில்லையாம். அதன் பக்கத்தில் வேறொரு பதக்கம். யார் பெயர் என்று பார்க்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக் குனிந்திருக்கிறான். விளிம்பு தெரியவில்லையாம்.

“யாரு வீட்டு அப்பாவோ தெரியலக்கா,” என்றான்.